வேரும் பூஞ்சையும் தொடும் முதல் மணிநேரங்களை ஆராய எந்த முறையைத் தேர்வது?

வேரும் பூஞ்சையும் சேர்ந்து நடத்தும் கூட்டுவாழ்வான மைக்கோரைசா பற்றிய ஆய்வில் புதிதாக இறங்கும் மாணவர் தம் வழிகாட்டியிடம் முதலில் கேட்பது, எந்தத் தாவரத்தை வைத்துத் தொடங்கலாம் என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. அதன் மரபணுத்தொகுப்பு முழுமையாக வாசிக்கப்பட்டிருக்கிறதா, சடுதிமாற்றச் செடிகளின் விதைகளை யாரிடமாவது கேட்டு வாங்க முடியுமா, செடி நம் வளர்ப்பறையில் தாங்குமா என்றெல்லாம் ஆராய்ந்து தாவரம் முடிவாகிறது. அடுத்து அதற்கேற்ற வளர்ப்பு முறை. கடைசியாக, கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு பூஞ்சை. பயிருக்கு எவ்வளவு பாஸ்பேட் கிடைத்தது, உலர் எடை கூடியதா என்று முதிர்ந்த கூட்டுவாழ்வை அளக்கும் ஆய்வுக்கு இந்த வரிசை தவறில்லை. ஆனால் பூஞ்சை இழை வேரின் புறத்தோலைத் தொடுவதற்குச் சற்று முன்பும், தொட்ட சில மணிநேரத்துக்குள்ளும் நிகழ்வனவற்றை ஆராய விரும்புகிறவர் இதைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. முதலில் பூஞ்சையையும், பிறகு இரண்டும் சந்திக்கும் கலத்தையும் (அதாவது வளர்ப்பு ஏற்பாட்டையும்), கடைசியாகத் தாவரத்தையும் முடிவு செய்வதே இக்கட்ட ஆய்வுக்கு ஏற்ற வரிசை.

தொடக்கக் கட்ட ஆய்வு எங்கே சிக்கிக்கொள்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். தாவரத்தைப் பற்றிய அறிவுக் குறைவு அதற்குத் தடையாவது அரிது. தொட்டியில் வளரும் வேர்த்தொகுதியில் எந்த இடத்தை, எந்த நாளில், எத்தனையாவது மணிநேரத்தில் பூஞ்சை தொட்டது என்பது தெரியாமல் போவதே தடையாகிறது. வேர் முழுவதையும் அரைத்து ஆர்.என்.ஏ. எடுத்தால், பூஞ்சையைத் தொட்டிருந்த சில நூறு செல்களின் செய்தி, தொடாத லட்சக்கணக்கான செல்களின் செய்திக்குள் கரைந்துவிடுகிறது. ஆகவே கீழே ஒப்பிடப்படும் ஒவ்வொரு தெரிவையும் நான் முதன்மையாக ஒரே அளவுகோலால் மதிப்பிடுகிறேன்: தொடுகையின் இடத்தையும் நேரத்தையும் அது எவ்வளவு துல்லியமாக நம் கையில் தருகிறது? செலவு, வசதி, மரபணுக் கருவிகள் ஆகியவை அதற்கு அடுத்தவை.

இங்கே பேசப்படுவது அர்பஸ்கியூலர் மைக்கோரைசா. தமிழ்நாட்டில் உழவர்கள் ‘வேம்’ என்ற பெயரில் வாங்கி நாற்றங்காலில் இடும் உயிர் உரத்தில் உள்ள அதே பூஞ்சைக் கூட்டம். நிலத் தாவர இனங்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு இவற்றோடு கூட்டுவாழ்வு நடத்துகின்றன. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழைமையுள்ள புதைபடிவங்களில், உண்மையான வேர் இன்னும் தோன்றியிராத தாவரங்களின் திசுக்களுக்குள்ளேயே, பூஞ்சை தாவரச் செல்லுக்குள் மரம்போலக் கிளைத்து உண்டாக்கும் அர்பஸ்கியூல் அமைப்புகள் காணப்படுகின்றன. இப்பூஞ்சைகளால் தமக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை அடிப்படையிலிருந்து தாமே ஆக்கிக்கொள்ள முடிவதில்லை. தாவரமே அவற்றை ஊட்டுகிறது என்பதை 2017 ஆம் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் காட்டின. ஈஸ்ட்டையோ அஸ்பர்ஜில்லஸையோ போலத் தனியே தட்டில் பெருக்கி வைத்துக்கொள்ள முடியாமல், ஸ்போர் முளைத்துத் தன் சேமிப்புக் கொழுப்பைச் செலவழித்தபின் இழை வளர்ச்சி நின்றுபோவது இதனால்தான். பால்மிட்டோலியிக் அமிலம், மிரிஸ்டிக் அமிலம் ஆகியவற்றைக் கொடுத்துத் தாவரமில்லாமலே ஓரளவு வளர்த்துக் காட்டிய ஆய்வுகள் 2019, 2020 ஆம் ஆண்டுகளில் வெளிவந்துள்ளன. என்றாலும் அன்றாட ஆய்வக வேலைக்குப் பூஞ்சையை இன்னும் உயிருள்ள வேரில்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது.

எந்த மணிநேரம்?

‘தொடக்கக் கட்டம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது முதல் குழப்பம். அது குறைந்தது மூன்று பகுதிகளாகப் பிரிகிறது. மூன்றுக்கும் ஒரே முறை பொருந்தாது.

முதலாவது, தொடுகைக்கு முந்தைய உரையாடல். பாஸ்பேட் பற்றாக்குறையில் இருக்கும் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன்கள் என்னும் குறிப்புச் சேர்மங்களை மண்ணில் கசியவிடுகிறது. பூஞ்சை அதை உணர்ந்து இழைகளைச் செழிப்பாகக் கிளைக்க வைக்கிறது. லோட்டஸ் ஜப்பானிக்கஸ் என்னும் பயறு வகைச் செடியின் வேர்க் கசிவிலிருந்து இந்தச் சேர்மத்தைப் பிரித்தெடுத்து, கிகாஸ்போரா மார்கரிட்டா என்னும் பூஞ்சையின் இழைகளில் அதன் விளைவைக் காட்டிய அகியாமா குழுவின் 2005 ஆம் ஆண்டு ஆய்வுதான் இத்துறையின் திருப்புமுனை. அதற்கு 39 ஆண்டுகளுக்கு முன்பே, 1966 இல், பருத்தி வேர்க் கசிவிலிருந்து இவ்வகைச் சேர்மம் ஒன்று கண்டறியப்பட்டிருந்தது; ஆனால் அப்போது அது சுடுமல்லி என்னும் வேர் ஒட்டுண்ணிக் களையின் விதைகளை முளைக்கச் செய்யும் பொருளாக மட்டுமே அறியப்பட்டது. சோளக்காட்டில் அந்தக் களையோடு போராடும் உழவருக்கு இது ஒரு கசப்பான செய்தி: பயிர் தன் நண்பனை அழைக்கக் கொடுக்கும் குரலைக் கேட்டுத்தான் பகைவனும் விழித்துக்கொள்கிறான். மறுபுறம் பூஞ்சையும் லிப்போகைட்டோ ஒலிகோசாக்கரைடுகளையும் குறுங்கைட்டின் ஒலிகோமர்களையும் தன் குறிப்புகளாக வெளியிடுகிறது. முன்னதை 2011 இல் மைலே குழுவும், பின்னதை 2013 இல் ஜென்ரே குழுவும் விவரித்தன. இக்குறிப்புகளைப் பெற்ற புறத்தோல் செல்லின் உட்கருவில் கால்சியம் அளவு சீரான இடைவெளியில் ஏறி இறங்குகிறது.

இரண்டாவது, தொடுகையும் நுழைவும். இழையின் நுனி புறத்தோலில் ஒட்டி ஹைபோபோடியம் என்னும் பற்றுறுப்பை உண்டாக்குகிறது. உடனே உள்ளே நுழைந்துவிடுவதில்லை. தாவரச் செல்லின் உட்கரு பற்றுறுப்புக்கு நேர் கீழே நகர்ந்து வருகிறது. பிறகு செல்லின் மறுபுறம் நோக்கிச் செல்கிறது. அது போகும் வழியில் செல்சட்டக இழைகளும் எண்டோபிளாச வலையும் திரண்டு, வாக்குவோலின் குறுக்கே ஒரு பாதை உருவாகிறது. தொடுகைக்குப் பின் சுமார் 4 முதல் 6 மணிநேரத்தில் அமையும் இப்பாதை முழுமையான பிறகே பூஞ்சை உள்ளே புகுகிறது. இத்தாலியின் டூரின் நகரத்திலும் பிரான்சின் துலூஸ் நகரத்திலும் உள்ள குழுக்கள் இணைந்து 2005 இல் இதை உயிருள்ள செல்லில் படமெடுத்துக் காட்டின. ஆளற்ற கோட்டைக்குள் படை புகுவதைப் போல நுழைவு நடக்கிறது என்று எண்ணிவந்தவர்களுக்கு, கதவைத் திறந்து பாதையை அமைப்பது தாவரமே என்று அந்தப் படங்கள் உணர்த்தின.

மூன்றாவது, புறத்தோலுக்கு உள்ளே இருக்கும் புறணிக்குள் பரவி முதல் அர்பஸ்கியூல்கள் தோன்றுவது. இது தொடக்கத்தின் கடைசி எல்லை. ஓர் அர்பஸ்கியூலின் ஆயுளே சில நாள்தான் என்பதால் இங்கும் நேரம் முக்கியம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளைப் போல மணிக்கணக்கில் கவலைப்பட வேண்டியதில்லை.

எந்தப் பூஞ்சை?

நடைமுறையில் போட்டி இரண்டுக்கு இடையில்தான். ஒன்று ரைசோபேகஸ் இர்ரெகுலாரிஸ். பழைய கட்டுரைகளில் குளோமஸ் இன்ட்ராராடிசஸ் என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி இதுவே. இன்னொன்று கிகாஸ்போரா குடும்பம்.

ரைசோபேகஸின் பக்கம் வாதங்கள் வலுவானவை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிரித்தெடுக்கப்பட்ட டி.ஏ.ஓ.எம். 197198 என்னும் தனிப்பிரிவு உலகின் பெரும்பாலான ஆய்வகங்களில் பொதுத் தரமாகிவிட்டது. அதன் மரபணுத்தொகுப்பு 2013 இல் வெளியானது. கேரட் வேர் வளர்ப்பில் நுண்ணுயிர்க் கலப்பின்றிப் பெருக்கலாம். அவ்வாறு பெருக்கிய ஸ்போர்கள் விலைக்கும் கிடைக்கின்றன. இந்தியாவில் டெல்லியில் உள்ள டெரி என்னும் ஆய்வு நிறுவனம் மைக்கோரைசா வளர்ப்புத் தொகுப்பு மையம் ஒன்றை நடத்துகிறது. பூஞ்சையை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் அனுமதிகளுக்குக் காத்திருக்க விரும்பாதவர் முதலில் தட்ட வேண்டிய கதவு அது. இவ்வளவும் இருந்தும், தொடக்கக் கட்டத்துக்கு இப்பூஞ்சையிடம் ஒரு குறை உண்டு. இதன் ஸ்போர் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஒன்று ஒன்றாக எடுத்து வேரின் குறிப்பிட்ட இடத்தில் வைப்பது கண்ணையும் பொறுமையையும் சோதிக்கும். தவிரவும் ஸ்போரிலிருந்து மட்டுமல்லாமல் துண்டான இழையிலிருந்தும் பழைய வேர்த் துண்டிலிருந்தும் இது புதிதாகத் தொற்றிக்கொள்ளும். ஒரு நுழைவிடத்திலிருந்து வெளியே வளர்ந்த இழை பக்கத்திலேயே இன்னொரு நுழைவிடத்தை உண்டாக்கும். ஆகவே சாயமேற்றிப் பார்க்கும்போது கண்ணில் படும் பற்றுறுப்பு நேற்றையதா, போன வாரத்தினதா என்று சொல்ல வழியில்லை.

கிகாஸ்போராவின் ஸ்போர் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், வெறுங்கண்ணுக்கே தெரியும். நுண்குழாயால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். பரவலுக்கு இது பெரும்பாலும் ஸ்போரையே நம்பியிருப்பதால் இரண்டாம் சுற்றுத் தொற்றுகளின் குழப்பமும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, இதன் முளைக்குழாய் புவியீர்ப்புக்கு எதிராக மேல்நோக்கி வளரும் இயல்புடையது. பெட்ரித் தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, வேருக்குச் சற்றுக் கீழே முளைத்த ஸ்போரை வைத்தால், இழை எந்த இடத்தில் வேரைத் தொடப்போகிறது என்று முன்கூட்டியே ஊகித்து நுண்ணோக்கியை அங்கே குறிவைத்துக் காத்திருக்க முடியும். மேலே சொன்ன நுழைவுப் பாதையின் படங்கள் இத்தகைய வசதி இல்லாமல் சாத்தியமாகியிருக்காது.

கிகாஸ்போராவின் விலை வேறு வகையில் கட்ட வேண்டியது. ஸ்போர்களைப் பெரும்பாலும் தொட்டியில் வளர்த்து, சல்லடையில் வடித்து, குளோராமின்-டி, ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவற்றால் மேற்பரப்பைத் தூய்மையாக்கியே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. அதில் ஒரு பங்கு முளைக்காது, ஒரு பங்கில் பாக்டீரியா மிஞ்சும். கிகாஸ்போரா மார்கரிட்டாவின் பெயர்பெற்ற தனிப்பிரிவின் செல்லுக்குள்ளேயே வாழும் ஒரு பாக்டீரியா இருக்கிறது. மேற்பரப்பைக் கழுவுவதால் அது போகாது, ஆர்.என்.ஏ. ஆய்வில் அதன் வரிசைகளும் சேர்ந்தே வரும். மரபணுத்தொகுப்பும் ரைசோபேகஸுடையதைவிடப் பல மடங்கு பெரியது. பூஞ்சை தரப்பு மரபணுக்களை ஆராய விரும்புகிறவருக்கு இவை சிறு தடைகள் அல்ல.

என் தீர்ப்பு இது: உயிருள்ள செல்லில் தொடுகையைப் பார்க்க வேண்டுமானால் கிகாஸ்போரா, பல செடிகளை ஒப்பிட்டு எண்ண வேண்டுமானாலும் மரபணு வெளிப்பாட்டை அளக்க வேண்டுமானாலும் ரைசோபேகஸ். இவற்றின் நுழைவு முறையில் நுண்ணிய வேறுபாடுகள் இருக்கக்கூடும் என்பதால், ஒன்றில் கண்டதை மற்றதற்கும் பொதுவென்று எழுதுவதற்கு முன் ஒரு சிறு சோதனையாவது செய்துகொள்வது நல்லது. இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு வரம்பு உண்டு: இப்பூஞ்சைகளில் நிலையான மரபணு மாற்றம் இன்னும் வழக்கமான உத்தியாகவில்லை. ஒளிரும் புரதத்தைப் பூஞ்சைக்குள் வைத்துப் பின்தொடரலாம் என்ற திட்டத்தோடு வருகிறவர்கள் அதைத் தாவரத்தின் பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எந்தக் கலம்?

மணல் தொட்டி எல்லோருக்கும் எட்டும் முறை. கழுவிய மணலையும் சுட்ட களிமண் குறுணையையும் கலந்து, ஸ்போரையோ தொற்றுள்ள வேர்த் துண்டுகளையோ இட்டு, பாஸ்பேட்டைக் குறைத்து நீரூட்ட வேண்டும். பாஸ்பேட் மிகுந்தால் கூட்டுவாழ்வைத் தாவரமே அடக்கிவிடும். வழக்கமான ஊட்டக் கரைசலை அப்படியே ஊற்றிவிட்டு, பூஞ்சையைக் குறைசொல்லும் தொடக்கநிலை ஆய்வர்கள் குறைவில்லை. செடி இயல்பாக வளர்கிறது, இலையும் தண்டும் உள்ளன, ஆகவே முடிவுகள் வயலுக்கு நெருக்கமானவை. ஆனால் மூன்றாவது வாரம் எடுத்த ஒரே வேரில் தொடுகை முதல் முதிர்ந்த அர்பஸ்கியூல் வரை எல்லாப் பருவமும் கலந்திருக்கும். நேரம் என்ற அளவுகோலில் இந்த முறைக்கு இடமே இல்லை.

செவிலிச் செடி முறை இதைவிட ஒரு படி மேல். ஏற்கெனவே நன்றாகத் தொற்றிய வெங்காயக் குடும்பச் செடிகள் வளரும் தொட்டியில், ஆராய வேண்டிய நாற்றை நடுவது இதன் சாரம். சுற்றிலும் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் வலுவான இழைவலை இருப்பதால் ஸ்போர் முளைக்கும் காத்திருப்பு இல்லை. தொற்று சில நாள்களிலேயே, ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்குகிறது. சடுதிமாற்றச் செடி ஒன்றில் பூஞ்சை வெளியிலேயே நிற்கிறதா, நுழைந்து நிற்கிறதா என்று பிரித்தறிய இது மலிவான, நம்பகமான வழி. ஒரு எச்சரிக்கை: செவிலிச் செடி தரும் வலுவால், பலவீனமான குறையுள்ள செடியிலும் பூஞ்சை புகுந்துவிடலாம். ஸ்போர் மட்டும் இட்ட தொட்டியில் தெரிந்த குறை இங்கே மறைந்தால், அந்தக் குறை தொடுகைக்கு முந்தைய அழைப்பில் இருக்கிறதா என்று ஐயுறலாம். ஸ்ட்ரிகோலாக்டோன் ஆக்கத்தில் குறையுள்ள செடிகளை எடுத்துப் பார்க்கும்போது இந்த ஒப்பீடு பயனுள்ளது.

சவ்வு அடுக்கு முறையில், வேரை இரண்டு செல்லுலோஸ் சவ்வுகளுக்கு இடையே பரப்பி, முளைத்த ஸ்போர்களையும் அதே இடைவெளியில் வைத்து, முழுவதையும் மணலில் புதைக்கிறார்கள். பின்னர் சவ்வைப் பிரித்தால் வேரும் இழையும் ஒரே தளத்தில் அப்படியே தெரியும். 1990களில் இத்தாலியின் பீசா நகரத்துக் குழு இதைப் பயன்படுத்தி இழைகளின் தொடக்க நடத்தையை விரிவாகப் பதிவு செய்தது. விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை. கல்லூரி ஆய்வகம் ஒன்றுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான்.

வேர் வளர்ப்பு முறை இத்துறையின் மிகத் துல்லியமான கருவி. அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் பாக்டீரியாவால் மாற்றப்பட்ட வேர், தண்டும் இலையும் இன்றி, செயற்கை ஊடகத்தில் தொடர்ந்து வளர்கிறது. 1980களின் இறுதியில் பெக்கார், ஃபோர்ட்டின் இருவரும் கேரட் வேரைக் கொண்டு இதை நிலைநிறுத்தினர். 1996 இல் தட்டை இரண்டு அறைகளாகப் பிரித்து, ஓர் அறையில் வேரும் மறு அறையில் பூஞ்சை இழை மட்டும் வளரும் ஏற்பாடு வந்தது. பரவலாகப் பயன்படும் எம் ஊடகத்தில் லிட்டருக்கு 10 கிராம் சுக்ரோஸும் மிகக் குறைவான பாஸ்பேட்டும் இருக்கும். அகாருக்குப் பதில் ஜெல்லான் பசை பயன்படுத்தினால் ஊடகம் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். சிட்ரேட் கரைசலில் அதைக் கரைத்து ஸ்போர்களைச் சேதமின்றி எடுக்கவும் முடியும். ஆனால் முதல் முறை தொடங்கும் தட்டில் ஸ்போர்கள் பெருகி வர மூன்று, நான்கு மாதம் ஆகும். இடையில் ஒரு தட்டில் பூசணம் படிந்தால் அந்த வரிசை முழுவதும் போகும். திட்டக்காலம் எழுதும்போது இந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்காதவர்களே பிற்பாடு அவசரப்படுகிறார்கள்.

இம்முறையின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு, இலையற்ற வேர் உண்மையான செடியல்ல என்பது. உண்மைதான். பாஸ்பேட் நிலையைத் தண்டிலிருந்து வேருக்கு அறிவிக்கும் குறிப்புகள் இங்கே இல்லை; சர்க்கரை இலையிலிருந்து வராமல் ஊடகத்திலிருந்து வருகிறது; பாக்டீரியா புகுத்திய மரபணுக்கள் ஆக்சின் உணர்வை மாற்றியிருக்கின்றன. முதிர்ந்த கூட்டுவாழ்வில் கார்பன் பரிமாற்றத்தை அளக்கிறவருக்கு இவை ஆய்வையே செல்லாததாக்கும் குறைகள். புறத்தோல் செல்லில் முதல் ஆறு மணிநேரத்தைப் பார்க்கிறவருக்கு அப்படியல்ல. ஏனெனில் அந்த நிகழ்வுகள் தொடப்பட்ட செல்லிலும் அதன் அண்டைச் செல்களிலுமே நடந்து முடிகின்றன. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இம்முறையை முழுமையாகப் புகழ்வதும் முழுமையாக ஒதுக்குவதும் எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை.

பூஞ்சையே இல்லாமல் ஆராயும் வழியும் உண்டு. முளைத்த ஸ்போர்கள் ஊறிய நீரையோ, தூய கைட்டோடெட்ரோஸ் போன்ற குறுங்கைட்டின் சேர்மத்தையோ வேரில் இட்டு, கால்சியம் அதிர்வைப் பதிவு செய்யலாம். நேரக் கட்டுப்பாட்டில் இதற்கு நிகரில்லை. சேர்மத்தை இட்ட நொடியே தொடக்கம். பூஞ்சைக்கும் வேருக்கும் இடையே சவ்வு வைத்து, தொடாமலேயே கசியும் பொருள் ஒன்று மெடிக்காகோ என்னும் ஆய்வகச் செடியின் வேரில், கூட்டுவாழ்வின்போது எழும் எனோட்-11 மரபணுவை எழுப்புகிறது என்று 2003 இல் காட்டப்பட்டதும் இவ்வழியிலேயே. ஆனால் இதில் கிடைப்பது உரையாடலின் ஒரு பக்கம் மட்டுமே. தாவரம் மறுமொழி சொன்ன பிறகு பூஞ்சை தன் நடத்தையை எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதை இது ஒருபோதும் சொல்லாது.

எந்தத் தாவரம்?

முதலில் விலக்க வேண்டியதை விலக்கிவிடலாம். தாவர உயிரியலின் செல்லப்பிள்ளையான அராபிடாப்சிஸ், கடுகுக் குடும்பத்தின் மற்ற பெரும்பாலான உறுப்பினர்களைப் போலவே, இக்கூட்டுவாழ்வையும் அதற்கான மரபணுக்கள் பலவற்றையும் பரிணாமத்தில் இழந்துவிட்டது. மார்கான்ஷியா ஈரல்பாசியில் பாலிமார்ஃபா இனமும் அப்படியே இழந்தது. அதன் உறவான பேலியேசியா இனம் வைத்திருக்கிறது. வேரே இல்லாத தாவரத்தில் இந்த உறவு எப்படித் தொடங்கியது என்ற பரிணாமக் கேள்விக்கு அந்த ஈரல்பாசி அருமையான பொருள். வேர் பற்றிய கேள்விக்கு அது உதவாது.

மீதமுள்ளவற்றில் மெடிக்காகோ ட்ரங்காட்டுலாவும் நெல்லுமே உண்மையான போட்டியாளர்கள். மெடிக்காகோவின் முதல் வலிமை, பிறர் ஏற்கெனவே செய்து வைத்திருப்பது. நுழைவுப் பாதையின் படங்கள், கால்சியம் அளவைக் காட்டும் உணர்விகள், இக்கூட்டுவாழ்வை நடத்த முடியாத, டிஎம்ஐ எனப்படும் தொடர் சடுதிமாற்றச் செடிகள் எல்லாம் இதில்தான் திரண்டிருக்கின்றன. அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் வழியாக, நிலையான மரபணு மாற்றத்துக்குக் காத்திராமல், சில வாரங்களில் மாற்றப்பட்ட வேரைப் பெறலாம். இதன் சிக்கல், இது பயறு வகைத் தாவரம் என்பதே. வேர்முண்டு பாக்டீரியாவும் லிப்போகைட்டோ ஒலிகோசாக்கரைடுகளைத்தான் அனுப்புகிறது. இரண்டு கூட்டுவாழ்வுகளின் குறிப்புப் பாதையும் பெரும்பகுதி ஒன்றே; அதையே பொதுக் குறிப்புப் பாதை என்கிறார்கள். வேரில் ஒரு மரபணு எழுந்தால் அது பூஞ்சைக்கான மறுமொழியா, வேர்முண்டு வழியின் எதிரொலியா என்று ஒவ்வொரு முறையும் நிறுவ வேண்டும். வளர்ப்பறையையும் 25 பாகை செல்சியஸுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். மே மாதத்துத் தமிழ்நாட்டில் மின்தடை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நெல்லில் வேர்முண்டு என்ற குழப்பமே இல்லை. பொதுக் குறிப்புப் பாதையின் மரபணுக்கள் நெல்லிலும் தேவை என்பது 2008 இல் நிறுவப்பட்டது. டி-14-எல் என்னும் ஏற்பியை இழந்த நெல்லில் பூஞ்சை வேரைப் பற்றவே இல்லை என்ற 2015 ஆம் ஆண்டு முடிவு, தொடுகைக்கு முந்தைய கட்டத்தை நேரடியாகத் தொட்ட மிகச் சில மரபியல் சான்றுகளுள் ஒன்று. நம் சூழலில் விதையும் வெப்பநிலையும் சிக்கலே இல்லை. ஆனால் ரைசோஜீன்ஸ் பாக்டீரியாவால் ஒருவித்திலைத் தாவரங்களில் வேரை எளிதாக உண்டாக்க முடிவதில்லை. ஒவ்வொரு உணர்வியையும் முழுச் செடியில் நிலையாகப் புகுத்த வேண்டும், அதற்குப் பல மாதங்கள் ஆகும். இன்னொன்று, நெல் வேர்கள் எல்லாம் ஒன்றல்ல. பெரிய பக்கவேர்களைப் பூஞ்சை விரும்பிப் பற்றுகிறது. புறணி இல்லாத நுண்பக்கவேர்களில் அது குடியேறுவதில்லை. வேர்த்தொகுதியை மொத்தமாக வெட்டி எண்ணுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால், வேர்க்கிளைப்பு மாறிய செடியைக் கூட்டுவாழ்வு குறைந்த செடி என்று தவறாகப் படிப்பார்.

லோட்டஸ் ஜப்பானிக்கஸைப் பற்றித் தனியே நீட்ட வேண்டியதில்லை. மெடிக்காகோவுக்குச் சொன்ன நன்மை தீமைகள் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். தக்காளி, முயன்று பார்க்கத் தகுந்த நடுவழி: பயறு வகையல்ல, மாற்றப்பட்ட வேர் எளிதில் கிடைக்கும், விதைக்கும் பஞ்சமில்லை, ஆனால் தொடக்கக் கட்டப் படங்களில் மெடிக்காகோ அளவுக்கு முன்னோடி வேலை இல்லை. கேரட், பூஞ்சையைப் பெருக்குவதற்கும் முறையைப் பழகுவதற்கும் சிறந்தது, மரபியலுக்கு அல்ல.

முடிவெடுக்கும் இடம்

கன்போகல் நுண்ணோக்கியில் நீண்ட நேரம் ஒதுக்கிப் பெறக்கூடிய குழுவாக இருந்து, கேள்வி தொடுகையின் முதல் மணிநேரங்களைப் பற்றியதாக இருந்தால், மாற்றப்பட்ட மெடிக்காகோ வேரும் கிகாஸ்போராவும் செங்குத்துத் தட்டும் சேர்ந்த கூட்டமைப்பைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். உட்கருவில் நிற்கும் கால்சியம் உணர்வியை அந்த வேரில் புகுத்தினால் தொடுகைக்கு முந்தைய குறிப்பையும் அதே ஏற்பாட்டில் பார்க்கலாம். கேள்வி ஒரு குறிப்பிட்ட மரபணு எந்தப் படியில் தேவைப்படுகிறது என்பதாக இருந்தால், நெல்லும் ரைசோபேகஸும். ஸ்போர் மட்டும் இட்ட தொட்டி ஒன்று, செவிலிச் செடித் தொட்டி ஒன்று என இரண்டையும் இணையாக நடத்த வேண்டும். கருவிகள் குறைந்த பல்கலைக்கழகத் துறைக்கு, சவ்வு அடுக்கு முறையில் தக்காளியோ நெல்லோ வைத்து, பற்றுறுப்புகளின் எண்ணிக்கையையும் அவற்றுள் எத்தனை நுழைவில் முடிந்தன என்பதையும் எண்ணுவதே தகும். இந்த விகிதம் எளிமையானதாகத் தோன்றினாலும், பூஞ்சை தொடவே இல்லை என்பதையும் தொட்டும் நுழைய விடப்படவில்லை என்பதையும் பிரித்துக் காட்டுவது அதுதான்; மொத்த வேரில் எத்தனை விழுக்காடு தொற்று என்ற வழக்கமான ஒற்றை எண் இந்த இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறது.

சாயமேற்றுவதில் மலிவான வழி நல்ல வழியாகவும் இருக்கிறது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேரைச் சூடாக்கித் தெளிவாக்கியபின், டிரிப்பான் நீலத்துக்குப் பதில் எழுதும் மையையும் வினிகரையும் பயன்படுத்தலாம் என்று 1998 இல் விவரிக்கப்பட்டது. டிரிப்பான் நீலம் புற்றுநோய் ஐயத்துக்குரியது. மாணவர்கள் நாள் முழுவதும் கையாளும் பொருளாக அது இருக்கத் தேவையில்லை. ஒளிரும் சாயத்தோடு இணைத்த கோதுமைமுளை லெக்டின் என்னும் புரதத்தால் பற்றுறுப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் அது விலை கூடியது. எண்ணும் வேலைக்கு மை போதும்.

எந்தக் கூட்டமைப்பை எடுத்தாலும் மூன்று ஒப்புநோக்குச் சோதனைகளை விடக்கூடாது. கொதிநீராவியில் கொன்ற ஸ்போரை இட்ட வேர் ஒன்று. பாஸ்பேட் மிகுதியாகக் கொடுத்த வேர் ஒன்று. பொதுக் குறிப்புப் பாதையில் குறையுள்ள சடுதிமாற்றச் செடி ஒன்று. முதலாவது, நாம் காண்பது உயிருள்ள பூஞ்சையின் விளைவே என்பதை உறுதிசெய்யும். இரண்டாவது, செடி மறுக்கும்போது எப்படித் தோன்றும் என்று காட்டும். மூன்றாவது இல்லாமல், தொடுகைக்கான மறுமொழியையும் வெறும் காயத்துக்கான மறுமொழியையும் பிரிக்க முடியாது. விதைகளை ஊறவைப்பதற்கு முன், வந்து சேர்ந்த ஸ்போர்களில் ஒரு சிட்டிகையை நீர் அகாரில் இருட்டில் வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று ஒரு வாரம் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதிக்கும் குறைவாக முளைத்தால் அந்தத் தொகுதியைத் தொட்டியில் பெருக்குவதற்கு ஒதுக்கிவிட்டு, தொடுகை ஆய்வுக்கு அடுத்த தொகுதி வரும்வரை காத்திருப்பது நல்லது.